ஒரே பண்ணையில் குதிரைகளும் நாய்களும்: தனியாளாக ஈற்றுக்காலத்தைக் கடந்த அனுபவம்

குதிரைகளையும் நாய்களையும் சேர்த்து ஒரு சிறு இனப்பெருக்கப் பண்ணை நடத்த வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குதிரை ஈற்றைப் பற்றி நல்ல நூல்கள் இருக்கின்றன. நாய்க்குட்டிகளைப் பேணுவது பற்றியும் இருக்கின்றன. ஆனால் இரண்டையும் ஒரே வேலிக்குள் வைத்து, இரவில் ஒருவர் மட்டுமே விழித்திருக்கும் பண்ணையில் என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. என் இரண்டாவது ஈற்றுக்காலத்தில் அதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதில் என் சேமிப்பின் பெரும்பகுதி போயிற்று, சில உயிர்களும் போயின. விலங்குகள் மீது வைத்த அன்பு குறையவில்லை. ஆயினும், பிறப்பு என்பது நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் முடிவாகும் செயல் என்பதையும், அந்த நேரத்தில் எதைச் செய்ய முடியும் என்பது பல மாதங்களுக்கு முன்பே நாம் செய்து வைத்த ஏற்பாடுகளைப் பொறுத்தது என்பதையும் முன்னரே அறிந்திருந்தால், அந்தக் காலத்தை வேறு விதமாக எதிர்கொண்டிருப்பேன்.

சிறு வயதிலிருந்தே நாய்களோடு வளர்ந்தவன் நான். குதிரைகள் பின்னால் வந்தன. பல ஆண்டுகள் வேறு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் சிறிது மேய்ச்சல் நிலமும் ஒரு லாயமும் அமைத்து, இரண்டு பெட்டைக் குதிரைகளையும் மூன்று பெட்டை நாய்களையும் வைத்துத் தொடங்கினேன். இரண்டையும் சேர்த்து வைப்பதற்குக் காகிதத்தில் ஒரு நியாயம் இருந்தது. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். பிறப்பது ஒரே குட்டி. அது பால் மறக்க மேலும் 4 முதல் 6 மாதங்கள் ஆகும். பொலிகுதிரையுடன் சேர்த்த நாளிலிருந்து கையில் பணம் வர ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். நாய்க்கோ சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள், குட்டிகளை 8 வாரம் வரை வளர்த்தால் போதும், ஆக நான்கு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். நாய்க்குட்டிகளால் வரும் வருமானம் குதிரைகளின் தீவனச் செலவைத் தாங்கும் என்பதே திட்டம். இந்தக் கணக்கைப் பலர் போடுவதை இப்போதும் காண்கிறேன். அதில் வருமானத்தின் காலம் இருக்கிறது, உழைப்பின் காலம் இல்லை. இரண்டு இனங்களின் ஈற்றும் ஒரே வாரத்தில் வந்தால் அந்த வாரத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற வினா அதில் எங்குமே எழுவதில்லை.

முதல் ஆண்டு பெரும்பாலும் வீணாயிற்று. வாங்கிய குதிரைகளில் மூத்தது முன்பு குட்டி ஈன்றது என்று சொல்லித்தான் விற்கப்பட்டது, அது உண்மையும்கூட. ஆனால் கடைசியாக எப்போது ஈன்றது, அதன் பிறகு ஏன் சினையாகாமல் நின்றது என்பதை விற்றவர் சொல்லவில்லை. பலமுறை சேர்த்தும் சினை நிற்காமல் போன பின்னரே கருப்பையில் பழைய தொற்று இருப்பது தெரிந்தது. அதைக் கழுவி, மருந்து கொடுத்துச் சரிசெய்வதற்குள் பருவம் கடந்துவிட்டது. பெட்டைக் குதிரை பகற்பொழுது நீளும் மாதங்களில்தான் ஒழுங்காகப் பருவத்திற்கு வரும். ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும் அந்தச் சுழற்சி, பகல் குறுகியதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும், அத்தனை மாதங்களும் தீவனம் போட்டாக வேண்டும். ஆகவே இனப்பெருக்கத்திற்காகக் குதிரை வாங்குபவர்கள் காலையும் பல்லையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கருப்பையை ஸ்கேன் செய்து, அதிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமிப் பரிசோதனையும் செய்த பிறகே விலை பேசுவது நல்லது. விற்பவரின் மருத்துவரைக் கொண்டு செய்யாமல், அவரோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு செய்ய வேண்டும்.

இளைய குதிரை முதல் முயற்சியிலேயே சினையானது. சேர்த்த பிறகு இரண்டு வாரம் கழித்து, 14 முதல் 16 நாட்களுக்குள், கட்டாயம் ஸ்கேன் செய்யச் சொன்ன மருத்துவருக்கு நான் என்றும் நன்றியுள்ளவன். அதன் வயிற்றில் இரட்டைக் கரு இருந்தது. நாய்க்குப் பல குட்டிகள் இயல்பு, குதிரைக்கோ இரட்டை என்பது ஆபத்து. பெரும்பாலான இரட்டைச் சினைகள் பிந்திய மாதங்களில் சிதைந்துவிடும், தாயின் உயிருக்கும் அச்சுறுத்தல் ஏற்படும். கருக்கள் கருப்பையில் ஓரிடத்தில் நிலைகொள்ளும் முன் அவற்றில் ஒன்றை நீக்கிவிட முடியும். தாமதித்தால் அது மிகவும் கடினமாகிவிடும். அந்த ஒரு ஸ்கேனுக்கு ஆன செலவு, நான் அந்தப் பண்ணையில் செய்த செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது என்று இன்றும் கருதுகிறேன்.

நாய்களின் பக்கம் வருவோம். சேர்ப்பதற்கு முன் இடுப்பு மூட்டுகளை எக்ஸ்ரே எடுப்பது, அந்த இனத்துக்குரிய மரபணுப் பரிசோதனைகளைச் செய்வது ஆகியவற்றை ஓரளவு எல்லோரும் அறிவர். புருசெல்லா என்னும் பாக்டீரியாத் தொற்றுக்கான பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இணைசேர்க்கை வழியாகப் பரவும், கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும், மனிதரையும் தொற்றும், நாயிடமிருந்து அதை முழுமையாக ஒழிக்கும் உறுதியான மருத்துவமும் இல்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் முன்பு ஆண், பெண் இரண்டுக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். மற்ற நாயின் உரிமையாளர் நெடுநாள் பழகியவர், கேட்டால் வருந்துவார் என்று தயங்காதீர்கள். அடுத்தது நாள் கணக்கு. பருவத்திற்கு வந்த 11ஆம் நாள், 13ஆம் நாள் என்று வாய்வழக்கில் சொல்லப்படும் கணக்கு பல நாய்களுக்குப் பொருந்துவதில்லை. இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்துக் கருமுட்டை வெளிப்படும் நாளைக் கண்டால், அதிலிருந்து 63 நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக, ஈற்று நாளைச் சொல்லிவிடலாம். சேர்த்த நாளை வைத்து எண்ணினால் அது ஏறக்குறைய 57 முதல் 72 நாள் வரை எங்கு வேண்டுமானாலும் விழும், ஏனெனில் விந்தணு பல நாட்கள் பெட்டையின் உடலில் உயிரோடு காத்திருக்கும். அந்த ஆண்டு ஆண் நாயின் உரிமையாளரும் என்னைப் போலவே நாள் கணக்கை நம்பியவர், பரிசோதனை நடக்கவில்லை. நாயின் ஈற்றுக்கு இரண்டு வார இடைவெளி கொண்ட ஒரு மதிப்பீடு மட்டுமே என்னிடம் இருந்தது.

குதிரையின் ஈற்றுநாளைக் கணிப்பது இன்னும் கடினம். சராசரி 340 நாட்கள் என்றாலும் 320இலிருந்து 365 வரை எந்த நாளிலும் நலமான குட்டி பிறக்கலாம். ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு முன் மடி பெருக்கத் தொடங்கும். கடைசி நாட்களில் காம்பு நுனியில் மெழுகு போன்ற சீம்பால் துளி உறைந்து நிற்கும். வாலடித் தசைகள் தளரும். சில குதிரைகள் இவற்றில் எதையும் காட்டாமலேயே ஈன்றுவிடும். பெரும்பாலும் இரவில், மனித நடமாட்டம் ஓய்ந்த பிறகே ஈனும். ஆகவே இரவுதோறும் லாயத்தின் அருகே படுத்து, சிறிது தூங்கி, எழுந்து பார்த்து, மீண்டும் படுப்பதே வாழ்க்கையாயிற்று. நாய் வீட்டுக்குள், குதிரை லாயத்தில், இரண்டுக்கும் நடுவே நான். தூக்கம் கெட்ட இரண்டாவது வாரத்தில் எளிய கூட்டல்கூடத் தடுமாறியது, காரணமின்றிக் கண் கலங்கியது. அந்த நிலையில் ஒருவர் எடுக்கும் முடிவுகள் நம்பத் தக்கவை அல்ல என்பதை யாராவது எனக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். லாயத்தில் ஒரு கேமரா, தலை சாய்ந்து படுத்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி, இரவைப் பங்கிட்டுக்கொள்ள இன்னொரு மனிதர் ஆகிய மூன்றில் ஒன்றையாவது ஏற்பாடு செய்ய இயலாதவர்கள், ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பே குதிரையை அத்தகைய வசதியுள்ள இடத்திற்குக் கொண்டுபோய் விடுவது சிக்கனமாகவே முடியும்.

நாயின் உடல்வெப்பத்தை நாளுக்கு இருமுறை பார்த்து எழுதிவந்தேன். அது 37 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈற்று தொடங்கும். அப்படி இறங்கிய அன்று மாலையே குதிரையின் காம்பிலிருந்து பால் சொட்டத் தொடங்கியிருந்தது. நள்ளிரவுக்கு முன் நாய் முதற்குட்டியைப் போட்டது. இரண்டாவது குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லாயத்தில் குதிரை படுக்கும் ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது, நீலம் கலந்த வெண்ணிறத்தில் வர வேண்டிய பனிக்குடத்துக்குப் பதிலாக, சிவந்த தடித்த பை ஒன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்கூட்டியே கழன்றுவிட்டதற்கான அடையாளம் அது. அந்தக் கணத்திலிருந்து குட்டிக்குத் தாயிடமிருந்து உயிர்வளி குறைந்துகொண்டே போகும்; மருத்துவர் வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. பையைக் கத்தரித்துத் திறந்து, தாய் முக்கும்போதெல்லாம் கூடவே இழுத்து, குட்டியை விரைவில் வெளியே எடுத்தாக வேண்டும். தொலைபேசியில் மருத்துவர் உரத்த குரலில் வழிநடத்த, என் கைகள் அதைச் செய்தன. குட்டி உயிரோடு வந்தது. திரும்பி வீட்டுக்குள் சென்றபோது நாய் மேலும் இரண்டு குட்டிகளைப் போட்டிருந்தது. அவற்றில் ஒன்று உறை கிழியாமலேயே இறந்திருந்தது. இரண்டு நிமிடம் நான் அங்கே இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும். எங்கே இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு மனிதர் தள்ளப்படவே கூடாது என்பதுதான் அதன் பிறகு என் பண்ணையின் முதல் விதி.

ஈற்றின் முக்கும் கட்டம் குதிரைக்கு 20 முதல் 30 நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். பனிக்குடம் உடைந்த பிறகு பத்து நிமிடத்தில் எந்த முன்னேற்றமும் தெரியாவிட்டாலும், அல்லது இரண்டு முன்னங்கால்களும் மூக்கும் சேர்ந்து வராமல் வேறு ஏதேனும் வந்தாலும் உடனே அழைக்க வேண்டும். நாய்க்கு வேறு அளவுகள்: வலுவாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுத்தது வராவிட்டாலும், முதற்குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் கசிந்தாலும் தாமதிக்கக் கூடாது. உள்ளே எத்தனை குட்டிகள் என்பதை அறிய 55ஆம் நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. இரண்டு இனங்களுக்கும் உரிய இந்த நேர அளவுகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி லாயத்தின் சுவரிலும் குட்டிபோடும் பெட்டியின் மேலும் ஒட்டி வையுங்கள். களைத்த மூளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

குதிரைக்குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாயின் நஞ்சுக்கொடி விழ வேண்டும். என் குட்டி எழவே வெகுநேரம் ஆயிற்று, மடியைத் தேடத் தெரியாமல் சுவரை முட்டிக்கொண்டிருந்தது. குதிரையின் நஞ்சுக்கொடி வழியாக நோயெதிர்ப்புப் பொருள் குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பாலில் கிடைப்பது மட்டுமே அதன் காப்பு, அதையும் குடல் உறிஞ்சும் திறன் முதல் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்துவிடும். ஈற்றுக்கு முன்பே பால் சொட்டிய தாயிடம் நல்ல சீம்பால் எஞ்சியிருக்காது என்பது அன்றிரவு நான் அறியாத செய்தி. மறுநாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது; 800க்கு மேல் இருந்தால்தான் போதுமானது. எதிர்ப்புப் புரதம் உள்ள இரத்தத் திரவமான பிளாஸ்மாவை ஏற்றினோம். அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்து ஒரு மூட்டில் இறங்கியிருந்தது. குட்டியும் தாயும் மருத்துவமனைக்குப் போயின. மூட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். நஞ்சுக்கொடியும் தாமதமாகவே விழுந்தது. அது மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் கருப்பைத் தொற்றும் அதைத் தொடர்ந்து குளம்பு வீக்கமும் வந்து தாயையே முடமாக்கிவிடும் என்பதால், தாய்க்கும் தனியே மருத்துவம் நடந்தது. நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்கக் கூடாது; தானே விழுந்த பிறகு தூக்கி எறியாமல், ஒரு வாளியில் போட்டு வைத்து, கிழிந்த துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று மருத்துவர் விரித்துப் பார்க்கும்படி செய்ய வேண்டும்.

இந்த ஒரு குட்டிக்கு ஆன செலவு, அது முழு நலத்தோடு வளர்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையைப் போல மூன்று மடங்கு. அது பிழைத்தது, ஆனால் அந்த மூட்டு பழைய நிலைக்கு வரவில்லை, சவாரிக்கு ஆகாது. சீம்பாலைச் சேமித்து வைத்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். நல்ல மடியுள்ள ஒரு குதிரை ஈன்றதும், அதன் குட்டி வயிறு நிறையக் குடித்த பிறகு, கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை கறந்து, நாள் குறித்து உறைய வைத்தால் ஓராண்டுக்கு மேலும் பயன்படும். உருக்கும்போது வெதுவெதுப்பான நீரில்தான் வைக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் எதிர்ப்புப் புரதங்கள் சிதைந்துவிடும். உங்களிடம் ஒரே குதிரை என்றால், அருகிலுள்ள பெரிய பண்ணை எதனிடமாவது முன்கூட்டியே பேசி வையுங்கள். பிறந்த குட்டிக்கு 18 முதல் 24 மணி நேரத்தில் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்வதை, குட்டி எவ்வளவு சுறுசுறுப்பாகத் துள்ளினாலும், தள்ளிப் போடாதீர்கள். பார்வைக்கு நலமாக இருக்கும் குட்டியிடமும் இந்தக் குறை இருக்கலாம்.

குதிரைகளோடு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த நாட்களில் நாய்க்குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. இதை எழுதுவதுதான் எனக்குக் கடினம். பிறந்து முதல் இரண்டு வாரங்களில் நாய்க்குட்டியால் தன் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. நடுங்கிச் சூடு பெறும் திறன்கூட அதற்கு வந்திருக்காது. முதல் வாரத்தில் படுக்கை 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும், குட்டிகள் விலகிப் போகவும் ஒரு குளிர்ந்த மூலை வேண்டும். குளிர்ந்துவிட்ட குட்டிக்குப் பாசத்தால் பாலூட்டினால் அது செரிக்காமல் இன்னும் விரைவில் இறக்கும். முதலில் மெல்ல மெல்லச் சூடேற்றி, பிறகே ஊட்ட வேண்டும். இறந்த குட்டிகளில் ஒன்றைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுக்கும்படி மருத்துவர் கேட்டபோது மனம் ஒப்பவில்லை, ஆனாலும் கொடுத்தேன். நாய்களுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் என்று முடிவு வந்தது. வளர்ந்த நாயிடம் இலேசான சளியாகக் கடந்துபோகும் அந்த வைரஸ், உடல்வெப்பம் குறைந்த பச்சிளங்குட்டியிடம் கொல்லியாக மாறுகிறது. ஈற்றுக்கு முந்திய மூன்று வாரமும் பிந்திய மூன்று வாரமும் தாயை மற்ற நாய்களிடமிருந்து முற்றிலும் விலக்கி வைப்பதே முதன்மையான காப்பு. அந்தக் காலத்தில் குட்டிகளை முன்பதிவு செய்ய வருபவர்கள் தங்கள் நாயைக் காரில் கூட்டி வந்தால் வாசலிலேயே நிறுத்தத் தயங்க வேண்டாம். பிரேதப் பரிசோதனைக்குக் கொடுப்பதானால் குட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் சாதாரணக் குளிரில் வைக்க வேண்டும், உறைய வைத்தால் திசுக்கள் கெட்டுவிடும். ஒவ்வொரு குட்டியையும் நாளுக்கு இருமுறை எடை பார்த்து எழுதுங்கள். முதல் நாளுக்குப் பிறகு எடை ஏறாமல் நிற்கும் குட்டி, அழாவிட்டாலும், நோயின் வாசலில் நிற்கிறது.

நாய்க்கும் குதிரைக்கும் இடையே உள்ள ஆபத்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டின் பிற்பகுதியில் குதிரைகளுக்குக் குடற்புழு நீக்கப் பசை கொடுத்தபின், என்னிடமிருந்த கோலி இன நாய் லத்தியைத் தின்றுவிட்டுக் கால் பின்னி நடந்தது, எச்சில் ஒழுகியது, கண் பார்வை போனதுபோல் சுவரில் மோதியது. அந்தப் பசையில் உள்ள ஐவர்மெக்டின் லத்தி வழியாகப் பல நாட்கள் வெளியேறிக்கொண்டிருக்கும். கோலி போன்ற மந்தை காக்கும் இனங்கள் பலவற்றில் மருந்தை மூளைக்குள் புகவிடாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருப்பதால், மற்ற நாய்கள் தாங்கும் அளவே அவற்றுக்கு நஞ்சாகிறது. பல நாள் மருத்துவத்தில் அது மீண்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்தே செய்யக்கூடிய எளிய மரபணுப் பரிசோதனை இதற்கு உண்டு. எந்த இனமானாலும், 500 கிலோ உடலுக்காகச் செய்த பசையில் குதிரை துப்பிய ஒரு சிறு கட்டிகூட நாய்க்கு மிகையே. மருந்து கொடுத்த இடத்தைத் துடையுங்கள், லத்தியை உடனுக்குடன் அள்ளுங்கள், சில நாட்களுக்கு நாய்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். எலி சிறுநீர் கலந்த நீர்த்தேக்கங்களால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் பாக்டீரியா நோய் நாயின் சிறுநீரகத்தையும், குதிரையின் கண்ணையும் கருவையும் ஒருசேரப் பாதிக்கும் என்பதால் தேங்கிய நீரை வடியவிடுவதும் எலிகளைக் கட்டுப்படுத்துவதும் இரண்டு இனங்களுக்குமான காப்பு. குட்டி ஈன்ற குதிரை, நேற்றுவரை நட்பாக இருந்த நாயையும் உதைத்துக் கொன்றுவிடக்கூடும். நோயுற்ற குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தால், அந்த மருந்து உடலில் நெடுநாள் தங்கும். அந்த உடலைத் தின்னும் நாயும் சாகும், ஆகவே ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ முன்கூட்டியே வழி கண்டிருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். நாய்களால் வரும் வருமானம் குதிரைகளைத் தாங்கும் என்ற என் திட்டம் ஓர் ஆண்டுகூட நிறைவேறவில்லை. நிலமும் கட்டடமும் ஒருமுறைச் செலவு. ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை குளம்பு சீர்செய்வது, ஆண்டுதோறும் பல் தேய்ப்பது, தடுப்பூசிகள், சினைக்குதிரைக்கு 5, 7, 9ஆம் மாதங்களில் குதிரைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸுக்கான தடுப்பூசி, நாளும் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு உலர்புல் ஆகியவை ஓயாத செலவு. அதைவிடப் பெரியது, ஈட்டாத விலங்குகளின் செலவு. குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழும், அதில் ஈனும் காலம் ஒரு பகுதிதான். நாயையும் ஆறு வயதுக்குள் இனப்பெருக்கத்திலிருந்து விடுவிப்பது நல்லது, அதன் பின்னும் பல ஆண்டுகள் அது நம்மோடு இருக்கும். உழைத்துத் தந்த விலங்கை முதுமையில் விற்றுவிடுவது எனக்கு ஒவ்வாது. அந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான் ஒரு குட்டியின் விலையைக் கணக்கிட வேண்டும். ஒரு குதிரைக்குட்டியின் மருத்துவமனைச் செலவுக்கும், ஒரு நாயின் அறுவை ஈற்றுக்கும் போதுமான தொகை தனியே கையில் இல்லாதவரை எதையும் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எந்த எல்லை வரை மருத்துவம் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதையும் பகலில், மனம் தெளிவாக இருக்கும்போது மருத்துவரிடம் பேசி எழுதி வையுங்கள். குட்டி மடியில் தலை வைத்துக் கிடக்கும் இரவில் அதை முடிவு செய்ய யாராலும் முடியாது.

பிழைத்த நாய்க்குட்டிகளை 8 வாரம் முடிந்த பிறகே கொடுத்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை அவை உலகத்தைப் பழகும் காலம். அதன் முற்பகுதி முழுவதும் வளர்ப்பவரின் பொறுப்பு. என் கைகள் வேறிடத்தில் இருந்ததால் அந்த ஈற்றுக் குட்டிகளுக்கு மனிதரின் தொடுதலும் வீட்டு ஓசைகளும் போதிய அளவு கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்று அச்சம் மிகுந்து வளர்ந்து, பின்னர் என்னிடமே திரும்பி வந்தது. எந்த வயதிலும், எந்தக் காரணத்திற்காகவும் குட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று விற்பனைத் தாளில் எழுதியிருந்தேன். அந்த வரியை நான் எழுதியதில் எனக்கு மனநிறைவு உண்டு. குட்டிகளைப் பிறக்கச் செய்யும் பொறுப்பை ஏற்றவர் அவற்றின் பிற்கால வாழ்வுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இப்போது ஒரு பருவத்தில் ஓர் இனம் மட்டுமே ஈனுகிறது. குதிரையின் 320ஆம் நாளிலிருந்து குட்டி ஒரு மாதம் ஆகும்வரை எந்த நாயின் ஈற்றும் வராதபடி நாட்காட்டியில் முதலிலேயே கோடு போட்டுவிடுகிறேன். நாய் பருவத்திற்கு வந்தாலும் அந்தச் சுற்றை விட்டுவிடுகிறேன். அண்டையில் குதிரை வைத்திருக்கும் ஒருவரோடு உடன்பாடு இருக்கிறது: அவருடைய ஈற்று இரவுகளில் நான் போய் இருப்பேன், என்னுடைய இரவுகளில் அவர் வருவார். சீம்பால் புட்டிகள் நாள் குறிப்போடு உறைபெட்டியில் இருக்கின்றன. லாயத்தின் கதவில் கத்தரியும் கைவிளக்கும் தொங்குகின்றன. மூத்த குதிரையை இனி சேர்ப்பதில்லை. மூட்டுப் பழுதுற்ற குட்டி அதனோடு மேய்கிறது. இந்த ஆண்டு இளைய குதிரை சினையாக இருக்கிறது, நாய்களில் ஒன்றுகூடச் சினையாக இல்லை. நாயின் அடுத்த சேர்க்கை குதிரைக்குட்டி பால் மறந்த பிறகுதான், அதுவும் புருசெல்லா பரிசோதனையின் முடிவும் புரோஜெஸ்டிரோன் அளவும் கையில் வந்த பிறகுதான்.